பைக்கில் வந்த முதல்வரும் கதிர்காமம் ஆஸ்பத்திரியும்

பெரிய மார்க்கெட்டில் எனக்கு வழக்கமாகப் பூ கொடுக்கும் அக்காவைப் பத்து நாளாகக் காணவில்லை. பதினோராம் நாள் வந்தார். முகம் வாடியிருந்தது, கை மட்டும் பழையபடி வேகமாகப் பூ கட்டிக்கொண்டிருந்தது.

"எங்கக்கா போயிட்டீங்க?"

"அவருக்கு நெஞ்சுவலிம்மா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். குழாயில அடைப்புன்னு ஸ்டென்ட் வெச்சாங்க. இப்ப நல்லா இருக்காரு."

"செலவு?"

"ஒரு பைசா வாங்கலம்மா. அந்தக் கடவுள் நல்லா இருக்கணும்."

எந்தக் கடவுள் என்று நான் கேட்கவில்லை. அவரே அடுத்ததைச் சொன்னார். "நாலு மாத்திரை எழுதியிருக்காங்க. ரெண்டு அங்கேயே குடுக்கறாங்க. மத்த ரெண்டு ஸ்டாக் இல்ல, வெளியே வாங்கிக்கோன்னுட்டாங்க. மாசம் எண்ணூறு ரூபா ஆவுது. அதான் ஒருநாள் விட்டு ஒருநாள் குடுக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை, விட்டு விட்டுச் சாப்பிடுகிற மாத்திரை அல்ல. நிறுத்தினால் வைத்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். லட்சக்கணக்கில் ஆகியிருக்க வேண்டிய சிகிச்சையை அரசாங்கம் இலவசமாகச் செய்துவிட்டது. கடைசியில் உயிர் எண்ணூறு ரூபாயில் தொங்குகிறது.

அன்று முழுக்க இதே யோசனை. நம் ஊரில் 'காசு வாங்காத ஆஸ்பத்திரி' என்பது எப்படி வந்தது? யார் கொண்டுவந்தார்கள்? எங்கே வந்து நிற்கிறது? அதைத்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். அரசியல்வாதி ஒருவர் இதில் வருகிறார். பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இருநூறு வருஷத்துப் பழக்கம்

புதுச்சேரிக்காரர்களுக்கு அரசு ஆஸ்பத்திரி புதிதல்ல. பிரெஞ்சுக்காரர்கள் 1823-லேயே இங்கே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகு, 1956-ல் அது தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது. 1964-ல் ஜவகர்லால் நேருவின் பெயரைத் தாங்கி ஜிப்மர் ஆனது. கோரிமேட்டில் விடியற்காலை போய்ப் பார்த்தால் தெரியும். விழுப்புரம், கடலூர், திண்டிவனம் என்று பக்கத்து மாவட்டத்துச் சனமெல்லாம் சாப்பாட்டுப் பையோடு வரிசையில் நிற்கும்.

ஊருக்குள் பாரதி பூங்கா பக்கம் நம் ஜி.எச். இருக்கிறது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அரசு மருத்துவமனை இருக்கிறது. வழுதாவூர் சாலையில் கதிர்காமம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்த்தே பன்னிரண்டரை லட்சம் பேர் இருக்கும் ஒரு சின்னப் பிரதேசத்துக்கு இது பெரிய கொடை.

இதில் ஜிப்மர் டெல்லியின் பிள்ளை. கதிர்காமம் நம் ஊர் அரசாங்கத்தின் சொந்தப் பிள்ளை. அந்தப் பிள்ளை பிறந்த கதையில்தான் ரங்கசாமி வருகிறார்.

தோல்வியில் தொடங்கியவர்

என். ரங்கசாமி 1950 ஆகஸ்ட் 4-ல் பிறந்தவர். சட்டம் படித்தவர். 1990-ல் தட்டாஞ்சாவடியில் முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். அடுத்த வருஷமே மறுபடி தேர்தல் வந்தது. அதே தொகுதியில் ஜெயித்தார், அமைச்சரும் ஆனார்.

2001-ல் காங்கிரஸ் முதல்வராக இருந்த ப. சண்முகம் எம்.எல்.ஏ. ஆகவில்லை. ஆறு மாதத்துக்குள் தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டும். அதற்கு வழி அமையாததால் பதவி விலகினார். அந்த இடத்துக்கு, அக்டோபர் 27 அன்று, ரங்கசாமி வந்தார். சத்தமில்லாமல் வந்தவர்தான், ஆனால் ஊர் சீக்கிரமே பழகிவிட்டது. யமஹா பைக்கில் போவார். டீக்கடையில் நிற்பார். பெரிய பேச்சாளர் இல்லை. யார் போனாலும் பார்க்க முடிகிற முதல்வர் என்று பேர் வாங்கினார்.

காமராசர் மேல் அவருக்கு இருக்கும் பக்தி ஊரறிந்தது. பிள்ளை பசியோடு பள்ளிக்கூடம் வரக்கூடாது, பணமில்லாமல் படிப்பை விடக்கூடாது என்பது காமராசர் பாடம். ரங்கசாமி ஆட்சியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் பால் வந்தது. தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைகளுக்குக் காமராசர் பெயரில் கல்வி உதவித்தொகை வந்தது. 'எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தே கஜானாவைக் காலி பண்ணுகிறார்' என்று எதிர்ப்பக்கம் திட்டினார்கள். இன்றும் திட்டுகிறார்கள். அந்த விவாதம் நியாயமானதுதான். கடன் வாங்கிக் கொடுக்கும் இலவசத்தின் வட்டியை நம் பிள்ளைகள்தான் கட்ட வேண்டும்.

ஆனால் அரிசியும் ஆஸ்பத்திரியும் ஒன்றல்ல. அரிசி இந்த மாதம் தீர்ந்துவிடும். ஆஸ்பத்திரி, கொடுத்தவர் பதவியில் இல்லாதபோதும் நிற்கும்.

ஜிப்மர் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

இந்தக் கேள்வியை அன்று பலபேர் கேட்டார்கள். 'கோரிமேட்டிலிருந்து கதிர்காமம் எவ்வளவு தூரம்? எதற்கு இரண்டு?' என்று. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு காரணங்களைப் பாருங்கள்.

ஒன்று, ஜிப்மரில் என்ன நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது டெல்லி. 2008-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஜிப்மர் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக ஆனது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பு ஊரே கொந்தளித்தது. கட்சிகளும் ஊழியர் சங்கங்களும் தெருவில் இறங்கின. பயம் ஒன்றுதான்: 'தன்னாட்சி என்று சொல்லி ஏழைகளிடம் காசு வாங்க ஆரம்பித்துவிடுவார்களோ?' அந்தப் பயம் இன்றுவரை முழுதாகப் போகவில்லை. கட்டணம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கோரிமேட்டில் கொடிகள் எழுகின்றன.

இரண்டு, டாக்டர் படிப்பு. புதுச்சேரியைச் சுற்றிக் காலாப்பட்டிலிருந்து மதகடிப்பட்டு வரைக்கும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் கட்டணத்தைக் கேட்டால் நடுத்தரக் குடும்பமே மயங்கி விழும். அரசாங்கத்துக்கென்று ஒரு கல்லூரி இருந்தால்தான் நம் ஊர்ப் பிள்ளை குறைந்த கட்டணத்தில் டாக்டராக முடியும்.

அதனால்தான் பெருந்தலைவர் காமராசர் பெயரிலேயே ஒரு மருத்துவக் கல்லூரிச் சங்கம் அமைத்து, கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரிக்கான வேலை தொடங்கியது. முதல்வர் ரங்கசாமி. ஆனால் கல்லூரி திறக்கும்போது அவர் நாற்காலியில் இல்லை. 2008 செப்டம்பரில், சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்த்ததால் பதவி விலக வேண்டி வந்தது. வைத்திலிங்கம் முதல்வரானார். 2010-ல் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியில் 150 மாணவர்கள் முதல் வருஷம் சேர்ந்தபோது ஆட்சி அவருடையது.

விதை போட்டவர் ஒருவர், அறுவடையன்று களத்தில் நின்றவர் இன்னொருவர். இதில் யாருக்குப் பெருமை என்று கட்சிக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். எனக்குப் பிடித்தது வேறு. ஆள் மாறியதும் முந்தைய ஆள் தொடங்கியதைக் கிடப்பில் போடுவது நம் நாட்டு வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை. வேலை நிற்காமல் ஓடியது.

கனடாவில் ஒரு பையனின் கால்

இதே மாதிரி ஒரு கதை கனடாவில் நடந்திருக்கிறது. டாமி டக்ளஸ் என்று ஒருவர். 1904-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, சின்ன வயதில் கனடா போனவர். காலில் எலும்பு சீழ்பிடித்தது. பெரிய டாக்டரிடம் போக வீட்டில் பணமில்லை. காலை எடுத்துவிடுவது ஒன்றே வழி என்றார்கள். அப்போது ஓர் அறுவை சிகிச்சை நிபுணர், 'என் மாணவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கச் சம்மதித்தால், காசு வாங்காமல் செய்கிறேன்' என்றார். கால் பிழைத்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த டாக்டரைக் கும்பிட்டுவிட்டு விட்டிருப்பார்கள். டக்ளஸுக்கு வந்த யோசனை வேறு. 'எனக்கு அதிர்ஷ்டம், பிழைத்தேன். அந்த டாக்டர் அன்று அந்தப் பக்கம் வராமல் போயிருந்தால்?' ஒரு பிள்ளையின் கால் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கக்கூடாது என்று நினைத்தார்.

வளர்ந்து 1944-ல் சஸ்காட்செவன் என்ற மாகாணத்தின் முதல்வரானார். 1947-ல் மாகாண மக்கள் எல்லாருக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கான காப்பீடு வந்தது. அடுத்து டாக்டர் கட்டணத்தையும் அரசே ஏற்கும் திட்டம். அது 1962 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தபோது, டக்ளஸ் தேசிய அரசியலுக்குப் போய்விட்டார். முதல்வர் உட்ரோ லாயிட். மாகாண டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். லாயிட்தான் தாங்கிக்கொண்டு நின்றார். டக்ளஸ் அந்த வருஷம் நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றே போனார். பத்தே வருஷத்தில் அந்தத் திட்டம் கனடா முழுக்கப் பரவியது. 2004-ல் கனடா தொலைக்காட்சி நேயர்கள் 'மிகப்பெரிய கனடியர்' என்று ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தது அவரைத்தான்.

ரங்கசாமியை டக்ளஸோடு ஒரே தராசில் வைக்க நான் இதைச் சொல்லவில்லை. டக்ளஸ் செய்தது ஒரு சட்டம். அது எல்லாருக்கும் உரிமை கொடுத்தது. நம் ஊரில் நடந்தது ஒரு கட்டடமும் கல்லூரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பூக்கார அக்காவின் கையில் இருக்கும் மருந்துச் சீட்டு.

ஒரு பெரிய பரீட்சை

2011-ல் ரங்கசாமி காங்கிரஸை விட்டு வெளியே வந்து என்.ஆர். காங்கிரஸ் என்ற கட்சியைத் தொடங்கினார். மூன்றே மாதத்தில் ஆட்சியைப் பிடித்தார். மொத்தம் 30 தொகுதியில் 15 அவருடையது. 2016-ல் நாராயணசாமி தலைமையில் காங்கிரஸ் வந்தது. நடுவில் கொரோனா வந்தது.

அப்போதுதான் கதிர்காமத்தின் அருமை தெரிந்தது. கொரோனா நோயாளிகளுக்கென்றே அந்த மருத்துவமனையை ஒதுக்கினார்கள். டாக்டர்களும் நர்ஸ்களும் துப்புரவுப் பணியாளர்களும் கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். அப்படி ஓர் இடம் இல்லாமல் போயிருந்தால் நம் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

2021 மே 7-ல் ரங்கசாமி நான்காவது முறையாக முதல்வர் பதவியேற்றார். இரண்டே நாளில் அவருக்கும் கொரோனா. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நல்லபடியாகத் திரும்பினார். குத்திக்காட்ட இதை எழுதவில்லை. எழுபது வயதுக்காரருக்கு அந்த நேரத்தில் எது நல்லது என்று அவரது டாக்டர்கள் நினைத்திருப்பார்கள். ஆனாலும் மனதில் ஒரு ஆசை வரத்தான் செய்கிறது. முதல்வரும் அமைச்சரும் கலெக்டரும் பூக்கார அக்காவின் புருஷன் படுத்த அதே வார்டில் படுக்கும் நாள் வந்தால், 'ஸ்டாக் இல்லை' என்ற சொல் அன்றோடு ஒழிந்துவிடாதா?

இன்னொரு நல்ல விஷயமும் இதே போலக் கைமாறி நடந்தது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் தனி ஒதுக்கீடு. தமிழ்நாடு 2020-ல் 7.5 சதவீதம் கொண்டுவந்தது. அதே வருஷம் நாராயணசாமி அமைச்சரவை இங்கே 10 சதவீதம் என்று முடிவெடுத்தது. துணைநிலை ஆளுநர் மத்திய அரசுக்கு அனுப்பினார், கோப்பு நின்றது. 2023-ல் ரங்கசாமி ஆட்சியில் ஒப்புதல் கிடைத்தது. மாநில அந்தஸ்து வேண்டும் என்று ரங்கசாமி வருஷக்கணக்காகக் கேட்பதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கோப்புகளும் இருக்கின்றன. ஓட்டு வாங்கிய அரசாங்கம் முடிவெடுத்தாலும், கையெழுத்து வேறெங்கோ காத்திருக்கிறது.

காப்பீட்டு அட்டையில் இல்லாதது

சரி, மாத்திரைக்கு வருவோம்.

'ஆயுஷ்மான் அட்டை இருக்கே, அஞ்சு லட்சம் கிடைக்குமே' என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான், வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். வீட்டுக்கு வந்தபிறகு பதினைந்து நாள் வரை மருந்துக்குக் கணக்கு உண்டு. அதற்குப் பிறகு? சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இதயம் என்று ஆயுசுக்கும் சாப்பிடும் மாத்திரைகளுக்கு அந்த அட்டை உதவாது. நம் குடும்பங்களின் கையைக் கடிப்பது பெரும்பாலும் இந்த மாதாந்திரச் செலவுதான்.

இந்தியாவில் மருத்துவத்துக்காக ஆகும் மொத்தச் செலவில் மக்கள் சொந்தப் பையிலிருந்து கொடுப்பது 2013-14-ல் 64.2 சதவீதம். 2021-22-ல் அது 39.4 சதவீதம் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. குறைந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் நூறு ரூபாயில் இன்னும் நாற்பது ரூபாய் நம் சுருக்குப் பையிலிருந்துதான் போகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பக்கத்தில் தமிழ்நாட்டில் 1994-லேயே மருந்து வாங்குவதற்கென்று தனி மருத்துவப் பணிகள் கழகம் அமைத்தார்கள். மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக, கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே வாங்குகிறார்கள். மாவட்டக் கிடங்கில் இருப்பு வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் கொடுத்திருக்கிறார்கள். தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம். பல மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப்போன ஏற்பாடு அது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. குறைகள் அங்கும் உண்டு. ஆனால் மருந்துக் கிடங்கை நிரப்புவதும் ஆஸ்பத்திரி கட்டுவதைப் போலவே முக்கியம் என்று யாரோ முப்பது வருஷம் முன்பே யோசித்திருக்கிறார்கள்.

கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, பெயர் உண்டு. மருந்துக் கிடங்கு நிரம்பியிருந்தால் விழா எடுக்க யாரும் இல்லை. காலியானால்தான் தெரியும். அதனால்தான் அரசியல்வாதிகள் அங்கே அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை. எட்டிப்பார்க்க வைப்பது நம் வேலை.

நாம் செய்யக்கூடியது

போன வாரம் அக்காவிடம் சொன்னேன்: "ஒருநாள்கூட மாத்திரையை விடாதீங்க. சீட்டை எடுத்துக்கிட்டு அதே டாக்டரைப் போய்ப் பாருங்க. வாங்க முடியலன்னு வெட்கப்படாம சொல்லுங்க."

போனார். டாக்டர் ஒரு மாத்திரையை, ஆஸ்பத்திரியில் இருப்பில் உள்ள வேறொன்றாக மாற்றி எழுதினார். இன்னொன்றை மருந்தின் பெயரிலேயே எழுதி, மக்கள் மருந்தகத்தில் கேட்கச் சொன்னார். எண்ணூறு ரூபாய் நூற்றைம்பதுக்குள் வந்துவிட்டது. டாக்டர் கோபிக்கவில்லை. 'முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா' என்றாராம்.

உங்கள் வீட்டிலும் யாராவது பணத்துக்காக மாத்திரையைக் குறைத்துச் சாப்பிடுகிறார்களா? பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள். மாத்திரை அட்டையை எடுத்து நீங்களே எண்ணிப் பாருங்கள். நீங்களாக மாற்றாமல், டாக்டரிடம் சொல்லி மலிவான அதே மருந்தை எழுதி வாங்குங்கள்.

அடுத்தமுறை உங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், பைக்கில் வந்தாலும் காரில் வந்தாலும், எத்தனை ஆஸ்பத்திரி கட்டினீர்கள் என்று கேட்காதீர்கள். அதற்கான பதில் அவர்களிடம் தயாராக இருக்கும். 'நம்ம ஆஸ்பத்திரி மருந்து கவுன்ட்டர்ல இன்னிக்கு என்னென்ன இல்ல?' என்று கேட்டுப் பாருங்கள்.

அக்கா நேற்று ஒரு முழம் மல்லி கூடவே வைத்துக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

"இது இலவசம்மா" என்றார். "இதுக்கு ஸ்டாக் இருக்கு."